உலை வைக்கும் முன் கரண்ட்

2020 அக்டோபர் 12, திங்கட்கிழமை. காலை பத்து மணி வாக்கில் மும்பைக்கே கரண்ட் போனது. லோக்கல் ரயில்கள் நடுவழியில் நின்றன. செம்பூரில் எங்கள் கட்டடத்து லிஃப்ட்டும் நின்றது. கீழே ஜெனரேட்டர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது, ஆனாலும் நின்றது. காய்கறிப் பையோடு படியேறி வந்த ஐந்தாம் மாடி மாமா, மூன்றாம் மாடித் திருப்பத்தில் முகக்கவசத்தை இறக்கிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்ப்பா, நீ எலெக்ட்ரிக்கல் ஆள்தானே? நமக்குக் கரண்ட் போனா லிஃப்ட் நிக்குது. தாராப்பூர் அட்டாமிக் ஸ்டேஷனுக்குக் கரண்ட் போனா என்ன நிக்கும்?"

"உலை நிக்கும் மாமா."

"அப்ப நல்லதுதானே?"

உலை நிற்பது நல்லதுதான். சிக்கல் என்னவென்றால், நின்ற பிறகுதான் அதற்குக் கரண்ட் கட்டாயம் வேண்டும். படியில் நின்றபடி இவ்வளவுதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் அணுமின் நிலையத்தில் வேலை பார்த்தவன் அல்ல. அனல் நிலையங்களிலும் சப்ஸ்டேஷன்களிலும் ரிலே (கோளாறைக் கண்டுபிடித்துக் கரண்டை வெட்டச் சொல்லும் கருவி) சோதித்தே முப்பது வருஷம் ஓட்டியவன். ஆனால் 6.6 கிலோவோல்ட் பஸ்பார் (பல இணைப்புகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் தடித்த உலோகப் பட்டை) என்பது நிலக்கரி நிலையத்திலும் அணு நிலையத்திலும் ஒன்றுதான். அது தப்பாகப் போனால் என்ன ஆகும் என்பதில்தான் வித்தியாசம்.

கூடங்குளத்தில் உள்ளது போன்ற 1000 மெகாவாட் உலை, உள்ளே சுமார் 3000 மெகாவாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. கட்டுப்பாட்டுக் கோல்கள் இறங்கிப் பிளவு வினை நின்றுபோன அந்த நொடியிலும் 6, 7 சதவீத வெப்பம் வந்துகொண்டேயிருக்கும். அதுவே 200 மெகாவாட் பக்கம். ஒரு நாள் கழித்துப் பார்த்தாலும் அரை சதவீதம், அதாவது 15 மெகாவாட் மிச்சம் இருக்கும். அடுப்பை அணைத்த பிறகு தோசைக்கல் சுடுவது போல என்று சிலர் இதை விளக்குவார்கள். எனக்கு அந்த உவமையில் திருப்தி இல்லை. தோசைக்கல் இருக்கிற சூட்டை இழந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். உலைக்குள் இருக்கும் கதிரியக்கப் பொருள்கள் புதிது புதிதாகச் சூட்டை உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றன. அந்தச் சூட்டை யாராவது எடுத்துக்கொண்டு போக வேண்டும். எடுத்துப் போக நீர் ஓட வேண்டும், நீர் ஓட பம்பு சுற்ற வேண்டும், பம்பு சுற்றக் கரண்ட் வேண்டும்.

அதனால் நம் நாட்டுக் கனநீர் உலைகளில் நிலையத்தின் சொந்த மின்சாரத்தை நாலு வகுப்பாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ரயிலைப் போலவே முதல் வகுப்புக்குத்தான் மரியாதை. நாலாம் வகுப்பு வெளி கிரிடிலிருந்தோ சொந்த ஜெனரேட்டரிலிருந்தோ வருவது; அது போகலாம். அது போனால் டீசல் ஜெனரேட்டர் எடுத்துக்கொள்வது மூன்றாம் வகுப்பு. இதில் சிறு இடைவெளியைப் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டாம் வகுப்பு இன்வெர்ட்டர் வழியாக இடைவெளியே இல்லாமல் வரும் ஏசி. முதல் வகுப்பு பாட்டரியிலிருந்து வரும் டிசி. இந்த ஏணியின் ஒவ்வொரு படியும் கால் வைத்தால் தாங்குமா என்று, உலைக்குள் எரிபொருள் ஏறுவதற்கு முன்பே ஏறி மிதித்துப் பார்க்கும் வேலையில்தான் கமிஷனிங் தொடங்குகிறது. 'செயல்பாட்டுக்குக் கொண்டுவருதல்' என்று தமிழில் எழுதலாம். சைட்டில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. "பஸ் சார்ஜ் ஆயிடுச்சா?" என்பார்கள், அதாவது பஸ்பாருக்குக் கரண்ட் கொடுத்தாச்சா என்று.

வெளியே இருப்பவர்களுக்கு வியப்பாக இருக்கும் ஒன்று உண்டு. மின்சாரம் விற்கப் போகிற நிலையம் முதலில் வாடிக்கையாளராகத்தான் பிறக்கிறது. கிரிட் லைன் நிலையத்தின் மின் முற்றமான ஸ்விட்ச்யார்டுக்கு வந்து சேரும். தாராப்பூரின் மூன்று, நாலு அலகுகளுக்கும் கூடங்குளத்துக்கும் அது 400 கிலோவோல்ட், கல்பாக்கத்துக்கு 230. (மகாராஷ்டிராவில் 220 என்றும் தமிழ்நாட்டில் 230 என்றும் இருப்பதைப் பார்த்து ஆரம்பத்தில் நானும் குழம்பியிருக்கிறேன். இரண்டும் சரிதான், அந்தந்த ஊர் வழக்கம்.) அங்கிருந்து ஸ்டார்ட்அப் டிரான்ஸ்ஃபார்மர் அதை 6.6 கிலோவோல்ட்டாக இறக்கி, பெரிய மோட்டார்களுக்கு அனுப்புகிறது. இன்னும் இறங்கி 415 வோல்ட் ஆகிறது. முதல் யூனிட் மின்சாரத்தை விற்பதற்கு வெகு காலம் முன்பிருந்தே நிலையம் வாங்கிச் செலவழித்துக்கொண்டிருக்கும்.

ஆனால் உயிர் கொடுக்கும் வரிசை இந்த ஓட்டத்துக்கு நேர் எதிரானது. பெரிய வோல்ட்டேஜில் யாரும் கை வைப்பதில்லை. முதலில் பாட்டரி. ஒரு சர்க்யூட் பிரேக்கர் கோளாறைக் கண்டு தானாகத் திறக்க வேண்டுமானால், அதைத் திறக்கவைக்கும் டிரிப் காயிலுக்கு டிசி வேண்டும். டிசி இல்லாத பிரேக்கர் வெறும் இரும்புப் பெட்டி. அதை மூடிவிட்டால் எரிந்து விழும்வரை மூடியே இருக்கும். ஆகவே பாட்டரி அறை தயாராகி, சார்ஜர் ஓடி, பாட்டரியை ஒருமுறை முழுக்க வடித்து அது சொன்னபடி தாங்குகிறதா என்று பார்த்து, அப்புறம் ரிலே, அப்புறம் பிரேக்கர், அதற்கும் அப்புறம்தான் உயர் மின்னழுத்தம். அவசரம் பிடித்த சைட்டுகளில் இந்த வரிசையைத் தற்காலிக டிசி சப்ளை வைத்துத் தாண்டப் பார்ப்பார்கள். நான் பார்த்த மோசமான நாட்கள் எல்லாம் 'தற்காலிகம்' என்ற சொல்லோடு தொடங்கியவை.

மனிதர் உயிருக்கு வருவோம்.

கட்டி முடித்து ஓடிக்கொண்டிருக்கும் நிலையத்தில் எல்லாம் லைவ் என்று எல்லோருக்கும் தெரியும். கட்டிக்கொண்டிருக்கும் நிலையத்தில் எல்லாம் டெட். இரண்டுமே ஒருவிதத்தில் பாதுகாப்பானவைதான். ஆபத்து நடுவில் இருக்கிறது. மூன்று வருஷமாக ஒரு பெயிண்டர் அதே பேனல் மேல் ஏணியைச் சாய்த்து வேலை பார்த்திருக்கிறார். கேபிள் இழுப்பவர்கள் அதே டிரேயில் படுத்துத் தூங்கியிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை மாலை நாலு மணிக்கு அந்த பேனல் சார்ஜ் ஆகிறது. புதன்கிழமை காலை அதே பெயிண்டர், அதே ஏணி. பேனல் நிறம் மாறவில்லை, சத்தமும் பெரிதாக இல்லை. மாறியது ஒரு போர்டு மட்டும். அதுவும் அவருக்குப் படிக்கத் தெரியாத மொழியில். ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் ஆட்கள் வரும் சைட்டில் ஆங்கிலத்தில் மட்டும் 'அபாயம்' எழுதி மாட்டுவதை எச்சரிக்கை என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அது கம்பெனிக்கு ரசீது. உருப்படியான சைட்டுகளில் என்ன செய்வார்கள் என்றால், எந்த நாளில் எந்த அறை கட்டுமானக் கையிலிருந்து கமிஷனிங் கைக்கு மாறுகிறது என்று எழுதிக் கையெழுத்திடுவார்கள். மாறிய நிமிஷத்திலிருந்து அந்த அறைக்குப் பூட்டு வேறு, சாவி வேறு. பழைய சாவிக்காரர் சீஃப் இன்ஜினீயராக இருந்தாலும் பெர்மிட் இல்லாமல் உள்ளே வர முடியாது.

மின்வாரியத்தில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் 'எல்சி' என்ற சொல்லைச் சொல்வார்கள். லைன் கிளியர். ரயில்வேக்காரர்களும் ஒரு லைன் கிளியர் வைத்திருக்கிறார்கள். அது வண்டி வரலாம் என்று சொல்வது. இது கரண்ட் வராது என்று ஒருவர் எழுத்தில் கொடுக்கும் வாக்கு. வாக்கு மட்டும் போதாது. பிரேக்கரைத் திறந்து வெளியே இழுத்து வைக்க வேண்டும், பூட்ட வேண்டும், சாவி வேலை செய்பவர் கையில் இருக்க வேண்டும். வேலை செய்யும் இடத்தில் வோல்ட்டேஜ் இல்லை என்று டிடெக்டரால் தொட்டுப் பார்க்க வேண்டும். அந்த டிடெக்டர் ஒழுங்காக இருக்கிறதா என்று அதற்கு முன்னும் பின்னும் பார்க்க வேண்டும். பிறகு எர்த், அதாவது அந்தக் கம்பியைத் தரையோடு இணைப்பது. இந்தக் கடைசிப் படியில்தான் ஆட்கள் சோம்பல் படுகிறார்கள். 'அதான் கரண்ட் இல்லையே' என்பார்கள்.

கரண்ட் பின்வாசல் வழியாக வரும். கமிஷனிங் சமயத்தில் இது மற்றச் சமயங்களைவிட அதிகம். 6.6 கிலோவோல்ட் பஸ்ஸில் வோல்ட்டேஜை அளக்க ஒரு பொட்டென்ஷியல் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். 6600 வோல்ட்டை 110 ஆக்கிக் காட்டுவது அதன் வேலை. ரிலேயைச் சோதிக்கும் பையன் தன் பெட்டியிலிருந்து 110 வோல்ட் கொடுக்கிறான். இடையில் உள்ள ஃபியூஸை எடுக்க மறந்துவிட்டால், டிரான்ஸ்ஃபார்மருக்கு எந்தப் பக்கம் முன், எந்தப் பக்கம் பின் என்ற பேதமெல்லாம் கிடையாது. அடுத்த அறையில் பஸ்பாரைத் துடைத்துக்கொண்டிருப்பவர் தலைக்கு மேல் 6600 வோல்ட் நிற்கும். எல்லா பிரேக்கரும் திறந்திருக்கும், எல்லாப் பூட்டும் சரியாக இருக்கும், எல்சியும் கையில் இருக்கும். அவரைக் காப்பாற்றக்கூடியது அவர் மாட்டிய எர்த் மட்டும்.

இன்னொன்று, தேங்கி நிற்கும் மின்னூட்டம். நீளமான கேபிள் ஒரு கெப்பாசிட்டர். இன்சுலேஷனைச் சோதிக்கும் 5000 வோல்ட் மெக்கரை வைத்துப் பத்து நிமிஷம் சோதித்தால் கேபிள் அந்த மின்னூட்டத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். எவ்வளவு நேரம் கொடுத்தோமோ அதைப்போல நாலு மடங்கு நேரமாவது எர்த்தில் வைத்து வடிய விட வேண்டும் என்பது மோட்டார் சுற்றுகளைச் சோதிப்பவர்களின் பழைய விதி. ஒரு அனல் நிலைய சைட்டில், நாங்கள் இந்த முனையில் மெக்கர் போட்டுக்கொண்டிருக்க, முந்நூறு மீட்டர் தள்ளி மறுமுனையில் காவலுக்கு நின்றவர் டீ குடிக்கப் போய்விட்டார். கேபிள்களை இணைக்கும் ஜாயின்டர் ஒருவர் வந்து கேபிளைக் கையில் எடுத்தார். தூக்கிப் போட்டது. பிழைத்துக்கொண்டார். அன்று நான்தான் மெக்கரைப் பிடித்திருந்தேன். பெர்மிட் தாளில் மறுமுனைக் காவலர் பெயர் சரியாகத்தான் எழுதியிருந்தது.

மும்பைக்காரர்களுக்கு உயர் மின்னழுத்தத்தின் தூரக் கணக்கைப் புரியவைப்பது எளிது. லோக்கல் ரயிலின் மேல் ஓடும் கம்பி ஒரு காலத்தில் 1500 வோல்ட் டிசி. இப்போது 25,000 வோல்ட் ஏசி. கூரை மேல் ஏறுகிறவன் கம்பியைத் தொட வேண்டியதே இல்லை, அருகில் போனாலே போதும். 400 கிலோவோல்ட் அதைப்போல 16 மடங்கு. அங்கே மனிதனுக்கும் கம்பிக்கும் நடுவே மீட்டர் கணக்கில் காற்று வேண்டும். 6.6 கிலோவோல்ட் பேனலுக்குள் அந்த இடைவெளி கைக்குள் அடங்கிவிடும். அதனால் அது சாது என்று நினைத்துவிடக்கூடாது. உள்ளே விட்டுவிட்ட ஒரு ஸ்பேனர் போதும். அதில் எழும் மின்வில் சூரியனின் மேற்பரப்பைவிடச் சூடானது. பேனல் கதவையே பிய்த்துக்கொண்டு வரும். முதல்முறை சார்ஜ் செய்யும்போது பிரேக்கரை எதிரில் நின்று கையால் மூடாமல் வேறு அறையிலிருந்து மூடுவது இதனால்தான்.

சரி, யாருக்கும் அடிபடாமல் சார்ஜ் செய்துவிட்டோம். கமிஷனிங் பாதுகாப்பாக முடிந்ததா? அனல் நிலையத்தில் கிட்டத்தட்ட ஆமாம் என்று சொல்லிவிடுவேன். அணு நிலையத்தில் இங்கேதான் இரண்டாவது பாதி தொடங்குகிறது. அங்கே பயப்பட வேண்டியது அன்றைக்கே வெடிக்கும் தப்பைவிட, தூங்கும் தப்பு.

கரண்ட் டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துக்கொள்ளுங்கள். சைட்டில் சிடி. ஒரு கருவிக்குள் போகும் கரண்டையும் வெளியே வரும் கரண்டையும் இரண்டு சிடிகள் அளக்கும். இரண்டும் சமமென்றால் உள்ளே ஒன்றுமில்லை. வித்தியாசம் இருந்தால் உள்ளே எங்கோ ஒழுகுகிறது என்று ரிலே பிரேக்கரைத் திறந்துவிடும். கணக்கு எளிது. ஆனால் ஒரு சிடியின் இரண்டு ஒயரை மாற்றிக் கட்டிவிட்டால் ரிலே கழிப்பதற்குப் பதில் கூட்டும். நல்ல சுமையைக் கோளாறு என்று நினைக்கும், உண்மையான கோளாறில் சும்மா இருந்துவிடவும் கூடும். இதில் வேடிக்கை, கமிஷனிங் அன்று சுமையே இருக்காது. கரண்ட் அவ்வளவு குறைவு என்பதால் தப்பான இணைப்பும் சரியான இணைப்பு மாதிரியே அமைதியாக இருக்கும். அதனால்தான் சார்ஜ் செய்வதற்கு முன்பே, முதன்மைப் பக்கத்தில் நாமாகத் தெரிந்த அளவு கரண்டைச் செலுத்தி, ரிலே என்ன பார்க்கிறது என்று எழுதிக்கொள்கிறோம். ரிலேயின் பின்பக்கத்தில் மட்டும் கரண்ட் கொடுத்துச் சோதித்துவிட்டு 'ரிலே ஓகே' என்று கையெழுத்துப் போடுவது சுலபம். ரிலே ஓகேதான், அதற்குச் செய்தி கொண்டுவரும் ஒயர்தான் பொய் சொல்கிறது.

இதற்கு உலகறிந்த உதாரணம் ஸ்வீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையம். 2006 ஜூலை 25. நிலையத்துக்கு வெளியே 400 கிலோவோல்ட் ஸ்விட்ச்யார்டில் நடந்த வேலையில் ஒரு ஐசொலேட்டர் (லைனைப் பிரிக்கும் சுவிட்ச்) திறந்து, மின்வில் எழுந்து, குறுக்குச்சுற்று ஆனது. வோல்ட்டேஜ் விழுந்து, பிறகு வழக்கத்தைவிட மேலே எழும்பியது. அந்த எழுச்சி உள்ளே பரவி, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்று எண்ணியிருந்த நாலு மின்கிளைகளின் யுபிஎஸ்களில் இரண்டைச் சாய்த்தது. அந்த இரண்டு கிளைகளின் டீசல்கள் கிளம்பின; ஆனால் பஸ்ஸோடு சேரவில்லை. டீசல் போதிய வேகத்தை எட்டிவிட்டது என்று சொல்ல வேண்டிய சிக்னலுக்கே அந்த யுபிஎஸ் மின்சாரம்தான் தேவைப்பட்டது! கட்டுப்பாட்டு அறையில் பாதிக் கருவிகள் கண்ணை மூடிக்கொண்டன. சுமார் 22 நிமிஷம் கழித்து ஆட்கள் கையால் இணைத்தார்கள். மற்ற இரண்டு கிளைகள் நின்று காப்பாற்றின.

என் போன்ற ரிலேக்காரன் தலையைக் குனிந்துகொள்ள வேண்டிய விஷயம் இந்தக் கதைக்குள்ளேயே இன்னொன்று இருக்கிறது. அதிர்வெண் குறைந்தால் ஜெனரேட்டரைப் பிரிக்க வேண்டிய ரிலேக்களை முந்தைய வருஷம்தான் மாற்றியிருந்தார்கள். அவற்றின் மூன்று ஃபேஸ்களும் வரிசை மாறிக் கட்டப்பட்டிருந்தன. ஆர், ஒய், பி என்று வர வேண்டியது ஆர், பி, ஒய் என்று வருவது போல. ரிலே தன் வேலையைச் செய்யவில்லை. மாற்றிய பிறகு செய்த சோதனை அதைக் கண்டுபிடிக்கவில்லை. ஏறக்குறைய ஒரு வருஷம் அது அங்கே சாதுவாக உட்கார்ந்திருந்தது. ஃபேஸ் வரிசை பார்ப்பது பயிற்சிக்கு வரும் டிப்ளமோ பையனுக்கு முதல் வாரத்தில் கற்றுக்கொடுக்கும் வேலை. ஆனால் மோட்டார் திருப்பிச் சுற்றினால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ரிலேக்குள் வரிசை திரும்பினால் யாருக்குத் தெரியும்?

பைரன் அணுமின் நிலையத்தின் கதை வேறு மாதிரி. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம், 2012 ஜனவரி 30. 345 கிலோவோல்ட் ஸ்விட்ச்யார்டில் ஒரு இன்சுலேட்டர் உடைந்து, மூன்று ஃபேஸ்களில் ஒன்று மட்டும் அறுந்தது. கரண்ட் போனால் டீசலைக் கிளப்பும் ரிலேக்கள் இருந்தன, ஒழுங்காகவும் இருந்தன. ஆனால் இரண்டு ஜோடி ஃபேஸ்களில் வோல்ட்டேஜ் குறைந்தால்தான் அவை நம்பும். ஒரு ஃபேஸ் போவதை அவை 'போவது' என்றே எண்ணவில்லை. ஒரு ஃபேஸ் குறைந்த மின்சாரத்தில் மோட்டார்கள் அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்து ஒவ்வொன்றாக டிரிப் ஆயின. சுமார் எட்டு நிமிஷம் கழித்து ஆபரேட்டர்கள் தாங்களே முடிவெடுத்து வெளி மின்சாரத்தை வெட்டினார்கள். உடனே டீசல் எடுத்துக்கொண்டது. இங்கே ஒயர் மாறவில்லை, ரிலே கெடவில்லை. அந்தக் கேள்வியை டிசைனும் கேட்கவில்லை, ஆகவே கமிஷனிங் தாளும் கேட்கவில்லை. சோதனைத் தாளில் நூறு கட்டங்களில் டிக் போட்ட பிறகு, 'இதில் இல்லாத கட்டம் எது?' என்று யோசிக்க ஒரு ஆள் வேண்டும் என்று நான் எப்போதும் சண்டை போடுவேன். அப்படி ஒருவரைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ள கம்பெனிகளுக்கு மனசு வருவதில்லை என்பது வேறு கதை.

ஃபோர்ஸ்மார்க்கில் தனித்தனி என்று நினைத்த கிளைகள் சேர்ந்து சாய்ந்தன இல்லையா, அந்தப் பிரச்சினை நம் ஊருக்கும் புதிதல்ல. 1993 மார்ச் 31 அன்று உத்தரப் பிரதேசத்தின் நரோரா அணுமின் நிலையத்தில் டர்பைன் பிளேடு உடைந்து, ஹைட்ரஜன் கசிந்து தீப்பிடித்தது. தீ கேபிள்களைப் பிடித்துக்கொண்டு ஓடியது. டீசல் ஜெனரேட்டர்கள் இருந்தும் பயனில்லாமல், சுமார் 17 மணி நேரம் நிலையம் இருளில் கிடந்தது. உலையை உடனே நிறுத்திவிட்டார்கள். எஞ்சிய வெப்பத்தை எடுக்க, டீசலில் ஓடும் தீயணைப்புப் பம்புகளின் நீரை நீராவிக் கலன்களுக்கு அனுப்பினார்கள். மாற்று வழியெல்லாம் வரைபடத்தில் இரண்டாகத்தான் இருந்தது. கேபிள்கள் போன பாதையில் அது ஒன்றாகிவிட்டிருந்தது. அதற்கும் 18 வருஷம் முன்பு, 1975 மார்ச்சில், அமெரிக்காவின் பிரவுன்ஸ் ஃபெர்ரியில் கேபிள் நுழையும் சுவர்த் துளை வழியே காற்று கசிகிறதா என்று மெழுகுவர்த்தியைப் பிடித்துப் பார்த்தபோது, துளையை அடைத்திருந்த நுரை தீப்பிடித்து 1600க்கும் மேற்பட்ட கேபிள்கள் எரிந்தன. கசிவைச் சோதிக்கப் போன இடத்தில் சோதனையே தீ வைத்தது.

ஒரே வேலைக்கு ஏ, பி என்று இரண்டு தனி மின்கிளைகள் இருக்கும். எனவே அணு நிலையத்தில் மட்டும் கேட்கப்படும் ஒரு கேள்வி உண்டு: ஏ கிளையின் பம்பு உண்மையிலேயே ஏ கிளையின் மின்சாரத்தில்தான் ஓடுகிறதா? பெயர்ப்பலகை ஏ என்று சொல்லும், வரைபடமும் சொல்லும். நம்பக்கூடாது. ஏ கிளையை மட்டும் உயிரோடு வைத்து, பி கிளையை டிசி உட்பட முழுக்கச் சாகடித்து, எது எது ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். பிறகு மாற்றிச் செய்ய வேண்டும். அமெரிக்க அணுசக்தி ஆணையத்தின் 1.41 என்ற எண்ணுள்ள வழிகாட்டி 1970களிலிருந்தே கேட்பது இதைத்தான். இப்படிச் செய்யும்போதுதான், ஏ கிளைப் பம்பு ஓடும், ஆனால் அதைக் குளிர்விக்கும் சின்ன மின்விசிறி பி கிளையிலிருந்து கரண்ட் எடுக்கிறது என்பது போன்ற சங்கதிகள் வெளியே வரும்.

இதற்கெல்லாம் உச்சம், வெளி மின்சாரத்தை வேண்டுமென்றே பிடுங்கிவிட்டுப் பார்க்கும் ஒருங்கிணைந்த சோதனை. மாமா கேட்ட கேள்வியை நிலையத்திடமே நேரில் கேட்பது. பிரேக்கர் திறக்கும். விளக்குகள் போகும், அவசர விளக்குகள் வரும். சில விநாடிகளில் டீசல் உறுமும், வோல்ட்டேஜ் ஏறும். பிறகு எல்லா மோட்டார்களும் ஒரே நேரத்தில் பாயாமல், ஒன்றன்பின் ஒன்றாக, குறித்த விநாடியில் ஏறும். மோட்டார் கிளம்பும்போது வழக்கத்தைப்போல ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். எல்லாம் சேர்ந்து இழுத்தால் டீசல் மூச்சுத் திணறி நின்றுவிடும். கல்யாணப் பந்தியில் கதவைத் திறந்தவுடன் எல்லோரும் பாய்ந்தால் என்ன ஆகும், அதுதான்.

ஃபுகுஷிமாவில் 2011 மார்ச் 11 அன்று இந்தக் கட்டம்வரை எல்லாம் சரியாகவே நடந்தது. நிலநடுக்கத்தில் வெளி மின்சாரம் போனது, டீசல்கள் கிளம்பின. சுனாமி வந்து டீசல்களை மட்டுமா மூழ்கடித்தது? ஸ்விட்ச்கியரையும் (பிரேக்கர்களும் பஸ்பார்களும் உள்ள பேனல்கள்), பல அலகுகளில் பாட்டரிகளையும் சேர்த்து மூழ்கடித்தது. வெளியிலிருந்து ஜெனரேட்டர் வண்டிகள் வந்தபோது செருக நல்ல இடமில்லை. ஆறாம் அலகில், உயரமான இடத்தில் காற்றால் குளிரும் ஒரு டீசல் மட்டும் தப்பியது. அது ஐந்தாம், ஆறாம் அலகுகள் இரண்டையும் காப்பாற்றியது. கல்பாக்கத்திலும் 2004 டிசம்பர் சுனாமியில் கடல்நீர் பம்பு அறைக்குள் நீர் புகுந்து, ஓடிக்கொண்டிருந்த இரண்டாம் அலகை நிறுத்தினார்கள். அங்கே மின்சாரம் தப்பியதால் கதை அத்தோடு முடிந்தது.

இவ்வளவையும் யார் சரிபார்ப்பது என்றால், எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். அணுசக்தி நகரில் நிலையங்களைக் கட்டி நடத்தும் அணுமின் கழகத்தின் தலைமையகமும் இருக்கிறது, 1983 நவம்பரில் தொடங்கிய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமும் இருக்கிறது. இரண்டிலும் வேலை பார்க்கும் தமிழர்களைச் செடா நகர் முருகன் கோயில் படிகளில் சேர்ந்தே பார்க்கலாம். ஒருவர் அனுமதி கேட்பவர், மற்றவர் கொடுக்க மறுப்பவர். பிரசாத வரிசையில் ஒன்றாக நிற்பார்கள். வாரியம் கமிஷனிங்கை ஏ, பி, சி என்று மூன்று கட்டமாகப் பார்க்கிறது. எரிபொருள் ஏற்றுவதை உள்ளடக்கிய முன்தயாரிப்பு, முதல் தொடர்வினையும் குறைந்த திறன் சோதனைகளும், பிறகு படிப்படியாகத் திறனை ஏற்றுவது. ஒவ்வொரு வாசலிலும் நின்று தாளைக் காட்டி அனுமதி வாங்க வேண்டும். இது தவிர, மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைப்படி மின் ஆய்வாளர் பார்த்துக் கையெழுத்திடாமல் உயர் மின்னழுத்தத்தைச் சார்ஜ் செய்ய முடியாது.

இதனால் தாமதம் ஆகும். குஜராத்தின் காக்ராபார் மூன்றாம் அலகு 2020 ஜூலையில் முதல் தொடர்வினையை எட்டியது, 2021 ஜனவரியில் கிரிடோடு இணைந்தது, வணிக உற்பத்தி 2023 ஜூன் 30 அன்றுதான். நம் நாட்டின் முதல் 700 மெகாவாட் கனநீர் உலை அது. செய்திகளில் 'இன்னும் ஏன் இழுக்கிறார்கள்?' என்று எழுதுவார்கள். நானும் வாயிதா கேட்டு அலுத்தவன்தான், இருந்தாலும் இந்த இழுவையில் எனக்குப் புகார் கிடையாது.

காரணம் செர்னோபில். 1986 ஏப்ரல் 26 அன்று அங்கே நடந்துகொண்டிருந்தது ஒரு மின் சோதனை என்பதை நம் ஆட்களில் பலர் கவனிப்பதில்லை. வெளி மின்சாரம் போனால் டீசல் சுமையை எடுத்துக்கொள்ள ஒரு நிமிஷம் பக்கம் ஆகும். அந்த இடைவெளியில், வேகம் குறைந்து நிற்கப் போகும் டர்பைனின் மிச்சச் சுழற்சியிலிருந்து பம்புகளுக்குக் கரண்ட் எடுக்க முடியுமா என்று பார்த்தார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் நாலாம் அலகை ஓட்டத்துக்கு விடுவதற்கு முன்பே பதில் தெரிந்திருக்க வேண்டிய கேள்வி அது. 1983 இறுதியில் அலகு ஓடத் தொடங்கிவிட்டது, சோதனை பாக்கி நின்றது. விபத்துக்கு உலையின் வடிவமைப்புக் குறையும் அன்றிரவு உலையை நடத்திய விதமும்தான் மூலகாரணம். மின் சோதனை அல்ல. ஆனாலும் இரண்டு வருஷத்துக்கு மேல் எரிந்து கதிரியக்கம் நிறைந்துவிட்ட உலையின் மேல் அந்த பாக்கியைத் தீர்க்கப் போனார்கள்.

அன்று மாலை கரண்ட் வந்த பிறகு, மாமா சொசைட்டி செக்ரட்டரியையும் என்னையும் கூட்டிக்கொண்டு கீழே ஜெனரேட்டர் அறைக்குப் போனார். "இது ஏன் காலைல ஓடலை? கடைசியா எப்போ ஓட்டிப் பார்த்தீங்க?" செக்ரட்டரி நோட்டைப் புரட்டினார். மாதாமாதம் 'ஓகே' என்று எழுதி, கையெழுத்தும் இருந்தது. சாவியைத் திருப்பினார். டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். டாங்க் நிறைய டீசல் இருந்தது. பாட்டரி செத்துப் போயிருந்தது.